வறண்ட கிணற்றுக்குக் காவல்

என் மலரக்காவுக்கு,

நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்காது என்று உனக்குத் தெரியும். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தாலும் 'நிறுத்துங்க' என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தம் வரைக்கும் போய் நடந்து வந்தவள் நான். நீ அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறாய். அப்படிப்பட்டவள் ஊரையே எதிர்த்து நின்றுவிட்டேன், அக்கா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ வேலை பார்த்த ஆராய்ச்சித் துறையில் உனக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். உன் சார் அப்பாவுக்குப் போன் பண்ணினார். அப்பா வழக்கம்போல, "செத்த இருங்க சார்" என்று போனை என் கையில் திணித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். "அக்காவோட சின்ன வயசு ஞாபகமா ரெண்டு பக்கம் எழுதிக் குடும்மா. படிச்சா மனசு நெறையணும்" என்றார் சார்.

சின்ன வயது ஞாபகத்துக்குக் குறைவில்லை. ஆனால் உன் பேரைச் சொல்லி இங்கே நடக்க இருந்ததை மறைத்துவிட்டு, நீ என் சடையைப் பிடித்து இழுத்த கதையை மட்டும் எழுத என்னால் முடியாது. இதைப் போட்டால் போடட்டும். போடாவிட்டால் தண்ணீர்க் கொட்டகைச் சுவரில் ஒட்டிவிடுவேன்.

படிக்கிறவர்களுக்கு நம் ஊரைத் தெரியாதே, கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லில் இருந்து டவுன் பஸ் வருகிற ஊர்தான். ஒரு காலத்தில் ஊருக்கு மேற்கே தோல் பதனிடும் ஷாப்பு இருந்தது. அதை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது, கட்டடத்தில் இப்போது வைக்கோல் அடுக்கியிருக்கிறார்கள். ஆனால் அது வெளியே விட்ட தண்ணீர் இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. போர்வெல் தண்ணீர் கரிக்கும். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. நம் ஊருக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்க வருகிறவர்கள் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். குடித்ததும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்தத் தண்ணீரைச் சரிபண்ணத்தான் நீ படித்தாய் என்று இன்று எல்லாரும் சொல்கிறார்கள். நீ இருந்தால் முகத்தைச் சுளிப்பாய். "போங்கப்பா, பிசிக்ஸ்ல எடம் கெடைக்காம கெமிஸ்ட்ரி எடுத்தவ நான்" என்பாய். தண்ணீர் பிறகுதான் உன்னைப் பிடித்துக்கொண்டது.

ஒரே ஒரு தடவை உன் ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போனாய். கண்ணாடித் தட்டின் மேல் தேன் மாதிரி எதையோ ஊற்றி, ஒரு கத்தியை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாய். அது தட்டு முழுவதும் மெல்லிசாகப் பரவியது. அப்படியே தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினாய். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாலாடை போல வெளுத்து, தட்டை விட்டுத் தானே கழன்று மிதந்தது.

"இம்புட்டுதானா?" என்று கேட்டேன்.

"இம்புட்டுதான். இதுக்குத்தான் இத்தன வருசமா அம்மாகிட்ட ஏச்சு வாங்குறேன்" என்றாய்.

அதுதான் சவ்வு. உங்கள் ஆட்கள் மெம்ப்ரேன் என்பார்கள். அதன் மேல் இன்னும் சில பூச்சுகள் பூசி, சுருட்டிக் குழாய்க்குள் வைத்து, மோட்டாரால் தண்ணீரை அழுத்தித் தள்ளினால், தண்ணீரை விடும், உப்பை விடாது. கடையில் விற்கும் சவ்வும் அதைத்தான் செய்கிறது. ஆனால் நம் ஊர்த் தண்ணீரில் தோலில் இருந்து வந்த ஏதோ ஒரு வழவழப்பு இருக்கிறது. அது கடைச் சவ்வின் மேல் பாசி மாதிரிப் படிந்து அடைத்துவிடும். வழவழப்பு ஒட்டாத சவ்வு வேண்டும் என்றுதான் நீ இராப்பகலாக மல்லுக்கட்டினாய்.

கடைசியில் நீ பிடித்தது ஆவாரம்பட்டையை. தோல் ஷாப்பில் தோலைப் பதப்படுத்தும் அதே பட்டை. அதன் சாற்றைச் சவ்வில் பூசினால் வழவழப்பு நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. எரியோடு ரோட்டோரம் நீயும் நானும் பட்டை உரித்துக்கொண்டிருந்தபோது, வண்டியில் போன ஒருவர் மருந்துக்கு என்று நினைத்து நிறுத்தி, "என்ன தாயி, வீட்டுல ஆருக்குச் சுகரு?" என்று கேட்டார். "ஊருக்கே" என்றாய் நீ. அவர் ரொம்ப வருத்தப்பட்டுக்கொண்டே போனார்.

அப்புறம்தான் பஞ்சாயத்து போருக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு, உன் சவ்வை வைத்து மெஷினை ஓட்டிப் பார்த்தாய். வீட்டுக்கு இரண்டு குடம் நல்ல தண்ணீர். எல்லாரும் அந்தக் குழாயைத்தான் பார்த்தார்கள். மெஷினில் இன்னொரு குழாய் உண்டு. பிரித்தெடுத்த உப்பு எல்லாம் சேர்ந்து கழிவுநீராக அதில் வரும். அதைக் கருப்புப் பாய் விரித்த பாத்திகளில் விட்டு வெயிலில் காய வைத்து, உப்பை வழித்து மூட்டை கட்டி அடுக்கச் சொன்னாய்.

"நான் உப்ப ஒழிக்கலடி. தள்ளித்தான் வைக்கேன். தள்ளி வச்சத எங்க வைக்கோங்கிறதுதான் பாதி வேல" என்றாய். அப்போது அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

அம்மா வண்டியில் இருந்து விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டபோது, பத்தாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மா கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகும் திரும்பிப் போகவில்லை. என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கம். நீ திட்டித் தீர்த்துவிட்டு, "சரி, மெஷினையாச்சும் பாரு. அது ஒன்னப் பேசச் சொல்லாது" என்று கொட்டகைச் சாவியைக் கொடுத்தாய். அது நிஜம்தான். மெஷினோடு எனக்கு ஒரு சங்கடமும் இல்லை.

போன வருஷம் ஐப்பசியில் நாலு வழிச் சாலையில் ஒரு வேன் உன் வண்டி மேல் மோதியது. அதற்கு மேல் அதை எழுத மாட்டேன்.

ஆனால் உன் நீர்மாலையை எழுத வேண்டும். இறந்தவரைக் குளிப்பாட்ட, மேலே வேட்டி பிடித்து, மேளத்தோடு போய்த் தண்ணீர் எடுத்து வருவோமே, அது. முன்பெல்லாம் நம் குடும்பத்துக்கு நம் கிணற்றில் இருந்துதான் எடுப்பார்கள். கிணறு வற்றிய பிறகு லாரித் தண்ணீர்தான். உனக்கும் லாரிக்குச் சொல்லப் போனார்கள். அம்மா கம்பைத் தரையில் தட்டினாள். "எம்புள்ள எடுத்த தண்ணி இருக்கையில லாரி எதுக்கு?" என்றாள். யாரோ, "மிசின் தண்ணியிலயா நீர்மால?" என்று இழுத்தார்கள். பெரியப்பாதான், "எடுங்கப்பா" என்று குடத்தைத் தூக்கித் தோளில் வைத்தார்.

நான் போய் மோட்டாரைப் போட்டேன். முதலில் வரும் தண்ணீரைச் செத்த நேரம் வெளியே விட வேண்டும் என்று நீ சொல்லியிருக்கிறாய் அல்லவா? மேளக்காரர்கள் காத்து நிற்க, நான் விட்டேன். உனக்கு அரைகுறைத் தண்ணீர் போகக்கூடாது.

பெரியப்பா அன்று அழுத அழுகையை நான் மறக்கவில்லை. அதனால்தான் அவரை எதிர்ப்பது எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்தது.

விஷயம் இதுதான். மழை மாதத்தில் பாத்தி காயாது. நிறைந்து வழிந்துவிடக்கூடாது என்று மோட்டாரைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். குழாயடியில் என்னைப் பிடித்து உலுக்கினார்கள். "மானம் மழையாக் கொட்டுது, ஒங்க மிசினுக்கு மட்டும் லீவா?" என்று கேட்டாள் பாக்கியம் மதினி. அந்தச் சமயம் பார்த்துப் பெரியப்பாவின் கிடாய் வந்து பாத்தி ஓரத்து உப்பை நக்கிவிட்டு, கழிந்து கழிந்து படுத்துவிட்டது. அய்யலூர்ச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கிய கிடாய். அவர் மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி பாத்தியைத் திட்டினார்.

திட்டி முடித்ததும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. கழிவுநீர்க் குழாயை நீட்டி, வற்றிக் கிடக்கும் நம் கிணற்றுக்குள் விட்டுவிடலாம் என்றார்.

"மழைத் தண்ணியச் சேமிங்க, ஊத்துத் தொறக்கும்னு சொல்றாகள்ல? அதே கணக்குத்தான். தண்ணியப் பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு. பாயில கெடந்து காயிறதுக்குக் கெணத்துல கெடந்தா ஆகாதா?"

கண்ணாடி மாதிரிதான் இருந்தது, அக்கா. போர்த் தண்ணீரின் மஞ்சள் நிறத்தை மெஷினில் இருக்கும் மணலும் கரியும் முன்னாலேயே எடுத்துவிடுகின்றன. உப்புக்கு நிறம் கிடையாது. பார்க்கிற யாரும் அதைக் கெட்ட தண்ணீர் என்று சொல்ல மாட்டார்கள். கரிக்கும்தான், ஆனால் நம் ஊரில் கரிக்காத தண்ணீரை யார் பார்த்தார்கள்?

அவருக்கு வேறொரு ஆசையும் இருந்தது. ஊரில் எந்தச் சாவுக்குப் போனாலும், "எங்கய்யாவுக்கு, எங்காத்தாளுக்கு, எல்லாருக்கும் நம்ம கெணத்துத் தண்ணி. எனக்கு மட்டும் லாரித் தண்ணியாக்கும்" என்று முனகுவார். கிணற்றில் தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் போவது என்று இருக்கிறார். அந்த ஆசையை யாரால் தப்பு என்று சொல்ல முடியும்?

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. உன் முதல் வருஷத் திதி அன்று கிணற்றுக்கு உன் பேரை வைப்பது என்று முடிவு பண்ணினார். நீலப் பலகையில் வெள்ளை எழுத்து. 'செல்வி மலர்க்கொடி நினைவு நன்னீர்க் கிணறு.'

நான் உன் சாருக்குப் போன் பண்ணினேன். நானாகப் போன் பண்ணிப் பேசியது அதுதான் முதல் தடவை. எழுதி வைத்துப் படித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "நீ சொல்றது சரிதாம்மா. ஆனா ஊர்க்காரங்கள இப்பப் பகைச்சுக்கிட்டா யூனிட் நின்னுடும். கொஞ்ச நாளைக்கு விட்டுப் பிடி. அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

சார், நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். கொஞ்ச நாளைக்கு என்றுதான் தோல் ஷாப்புக்காரர்களும் அன்று சொல்லியிருப்பார்கள். கிணற்றில் விட்டதை யார் இறங்கி அள்ளுவது? அடியில் இறங்கிய உப்பு மறுபடியும் போரில் வரும். அக்காவின் சவ்வு மறுபடியும் அதை எடுக்கும். மறுபடியும் கிணற்றில் விடுவோம். இதற்கா அவள் கல்யாணப் பேச்சை எல்லாம் தள்ளிப்போட்டுக் கண்ணாடித் தட்டு முன்னால் நின்றாள்?

பிளம்பர் வந்து கிணறு வரைக்கும் குழாய் போட்டுவிட்டுப் போனார். திதிக்கு முந்தின நாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். நான் ஆக்ஸா பிளேடை எடுத்துக்கொண்டு போய்க் குழாயை அறுத்தேன். உள்ளே பசை தடவி மூடி போட்டு இறுக்கினேன். பழைய குழாயை மறுபடியும் பாத்திப் பக்கம் திருப்பினேன். அது எனக்கே ஆச்சரியம்.

மறுநாள் காலை கிணற்று மேட்டில் பொங்கல் வைத்தார்கள். உன் படத்துக்கு மாலை போட்டார்கள். பெரியப்பா வெள்ளை வேட்டி கட்டி, பலகையைத் துடைத்துக்கொண்டே, "மோட்டாரப் போடு தாயி" என்றார்.

"போட்டாலும் கெணத்துக்கு வராது பெரியப்பா" என்றேன்.

"ஏ, சுகந்தி பேசுது" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். "அதுக்குக் குரலு இருக்குன்னே இன்னைக்குத்தேன் தெரியும்" என்றாள் பாக்கியம் மதினி. சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை.

"என்ன சொல்ற?"

"கொழாய அடச்சுட்டேன்."

"ஆரக் கேட்டு அடச்ச?"

"ஆரையும் கேக்கல."

"கிறுக்குப் புள்ள. ஒங்க அக்கா பேரத்தான வைக்கேன்? அவளுக்குப் பெருமதான?"

காது இரண்டும் சூடாகிவிட்டன. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளலாமே என்று உள்ளே ஒருத்தி சொன்னாள். நான் இறங்கவில்லை, அக்கா.

"அவ எடுத்து வெளிய போட்ட உப்பு பெரியப்பா அது. அதுக்குப் போயி அவ பேர வைக்கிறீகளே" என்றேன். "நாளைக்கு ஒங்களுக்கு இந்தக் கெணத்துல நீர்மால எடுக்கணும்ங்கிறீக. எடுத்தா, தோல் ஷாப்புத் தண்ணியிலதான் ஒங்களக் குளிப்பாட்டணும். அந்தத் தண்ணிக்கு நான் மோட்டாரு போட மாட்டேன்."

"வாயக் கழுவுடி" என்று கத்தினார்கள். உயிரோடு நிற்கும் மனுஷனிடம், அதுவும் பொங்கல் வைத்த நாளில், அவர் சாவைப் பேசிவிட்டேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கூட்டத்தில் இருந்து ஒருத்தர், "சாவியப் பிடுங்குங்கப்பா அதுகிட்ட" என்றார். நான் சாவியைப் பாவாடை நாடாவில் முடிந்திருந்தேன். யாரும் கிட்டே வரவில்லை.

அப்போது அம்மா கம்பை ஊன்றி எழுந்தாள். "மச்சான்" என்று பெரியப்பாவைக் கூப்பிட்டாள். "ஒங்க கெடாவுக்கு ஒத்துக்கிறாதது கெணத்துக்கு ஒத்துக்கிருமா?"

முதலில் ஒரு சின்னப் பிள்ளை சிரித்தது. பிறகு பாக்கியம் மதினி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, உன் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் நடந்து போய்விட்டார். பொங்கல் ஆறிப்போகும் என்று யாரோ சொன்னார்கள். அதை மட்டும் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் கேள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைக்காதே. தண்ணீர் இன்னமும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். குழாயடியில் எனக்கு 'உப்புக்காரி' என்று பேர் வைத்துவிட்டார்கள். "உப்புக்காரி, இன்னைக்குக் கருணை உண்டா?" என்கிறார்கள். முன்பானால் வீட்டுக்குள் ஓடியிருப்பேன். இப்போது, "நாளைக்கு வாங்க" என்கிறேன்.

பெரியப்பா என்னோடு பேசுவதில்லை. ஆனால் ஒருநாள் காலை கொட்டகைக்குப் போனால், பாத்தியைச் சுற்றிக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துக்கொண்டிருந்தார். கிடாய் தூரத்தில் கட்டிக் கிடந்தது. நான் பக்கத்தில் போய் ஒரு கிளையைப் பிடித்தேன். அவர் அடுத்த கிளையை எடுத்தார். போகும்போது, எனக்குக் கேட்கிற மாதிரி, தண்ணீருக்கு வந்து நின்ற அம்மாவிடம் சொன்னார்: "வெங்காயக் காட்டு ஓரம் சும்மாதான் கெடக்கு. பாய் விரிக்கிறவ அங்கிட்டும் விரிக்கட்டும்."

அங்கேயும் விரித்துவிட்டால் அடுத்த மழைக்குத் தினமும் தண்ணீர் விடலாம். நாளைக்கு வரப்பு வெட்டப் போகிறேன்.

உன் பேர்ப் பலகையை என்ன செய்தேன் தெரியுமா? கிணற்று மேட்டில் சாய்ந்தே கிடந்தது. எடுத்து வந்து உன் பேரின் மேல் நீலப் பெயிண்ட் அடித்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். காய்ந்ததும் வெள்ளையில், 'இந்தக் கிணற்றில் மழையைத் தவிர வேறு தண்ணீர் விடக்கூடாது' என்று எழுதி, அங்கேயே நட்டுவிட்டேன். எழுத்து கோணல்தான். உன் பேரை நான்தான் அழித்தேன், அக்கா. கோபம் இருந்தால் என்னிடம் வந்து சொல்.

சாருக்கு இன்னும் ஒன்று. இப்போது மெஷினில் இருப்பது அக்கா செய்த கடைசிச் சவ்வு. அதுவும் ஒருநாள் தேய்ந்துபோகும். அதற்குப் பிறகு ஆவாரம்பட்டைச் சாற்றைப் பூச யார் இருக்கிறார்கள்? அந்தக் கண்ணாடித் தட்டின் முன்னால் இப்போது யார் நிற்கிறார்கள்? நினைவு மலரை அப்புறம் போடலாம். முதலில் அந்த இடத்தில் ஓர் ஆளை நிறுத்துங்கள். பட்டை வேண்டுமானால் சாக்குச் சாக்காக நான் உரித்து அனுப்புகிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு எப்போது போகிறாய் என்று கேட்பாய். தெரியாது. வீட்டில் இருந்தே பரீட்சை எழுதலாமாம், விசாரித்து வைத்திருக்கிறேன். நீ நச்சரித்தாய் என்பதற்காக எழுத மாட்டேன். எழுதினால் எனக்காக எழுதுவேன்.

உனக்கு ஒரே ஒரு வாக்குத் தருகிறேன். அந்தக் கிணறு வறண்டே கிடக்கும். எட்டிப் பார்க்கிறவர்களுக்கு அடிப்பாறை தெரியும். தெரியட்டும். மழை பெய்து, ஊற்று தானாகத் திறந்து, உப்பு பார்க்கிற மீட்டரை வைத்துப் பார்த்து நல்ல தண்ணீர் என்று நானே சொல்கிற நாளில், முதல் குடத்தை நீ கிடக்கும் மண்ணில் வந்து ஊற்றுவேன். இரண்டாவது குடத்துக்குப் பெரியப்பாவைக் கூப்பிடுவேன், அவர் நின்று கண்ணால் பார்க்கட்டும். அந்த நாள் என் காலத்தில் வராமலும் போகலாம். வராவிட்டாலும் வேறு எந்தத் தண்ணீரையும் அதில் விட மாட்டேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது.

உன் கூடப்பிறந்தவள், ஊருக்கு உப்புக்காரி,
உனக்கு என்றைக்கும் தங்கச்சி
சுகந்தி